சாறு தனியே, நூடுல்ஸ் தனியே!

கோடை விடுமுறையில் மகளைப் பார்க்கப் பாரிஸ் வரப்போகும் சகோதரி ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். "கோபுரம், மியூசியம் எல்லாம் மாப்பிள்ளை காட்டிவிடுவார். நாலு பேர் குடும்பமாகப் போய், கையைக் கடிக்காமல் வயிறாரச் சாப்பிட ஓர் இடம் சொல்லுங்கள். கூடவே என் சம்பந்தியம்மாளும் வருகிறார். அவருக்கு ரத்தக் கொதிப்பு" என்று கேட்கிறார்.

நல்ல கேள்வி! ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முதலில் தவிப்பது சாப்பாட்டுக்குத்தான். லா ஷப்பெல் பக்கம் போனால் தோசை, கொத்து ரொட்டி, மீன் குழம்பு எல்லாம் கிடைக்கும். அதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை, மகளுக்கே தெரிந்திருக்கும். நான் சொல்லப்போவது நகரத்தின் தென்கோடியில், 13-ஆம் வட்டாரத்தில் இருக்கும் சூப்புக் கடைகளைப் பற்றி. சூப்பு என்றதும் ஓட்டலில் சாப்பாட்டுக்கு முன்னால் கொடுப்பார்களே, அரை கப் தக்காளித் தண்ணீர், அதை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஒரு வேளைச் சாப்பாடு. கிண்ணத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும்.

எங்கள் வீடு வடக்கே லா கூர்நெவில். அங்கே மெட்ரோ 7-ஆம் எண் வண்டியில் ஏறி உட்கார்ந்தால், மாறாமல் இறங்காமல் ஊரையே குறுக்காகக் கடந்து அங்கே போய்விடலாம். ஒன்றே ஒன்று கவனம். அந்த வண்டி கடைசியில் இரண்டாகப் பிரிகிறது. வீல்ஷுயிஃப் என்று பலகை போட்ட வண்டியில் ஏறினால் வேறு பக்கம் போய்விடும். "மெரி தீவ்ரி" என்று போட்ட வண்டியில் ஏறி "போர்த் து ஷுவாஸி" நிலையத்தில் இறங்குங்கள். மேலே வந்ததும் சீன எழுத்துப் பலகைகளும் வானளாவிய கட்டடங்களும், நாம் வேறு எந்த ஊரிலோ இறங்கிவிட்டோம் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அந்த உயரமான கட்டடங்கள் 1970-களில் கட்டியவை. நடுத்தர வர்க்கத்துப் பிரெஞ்சுக் குடும்பங்கள் குடிவருவார்கள் என்று எதிர்பார்த்துக் கட்டினார்களாம். அவர்களுக்கு என்னவோ மாடி வீடு பிடிக்கவில்லை. நிறைய வீடுகள் காலியாகவே கிடந்தன. 1975-ல் சைகோனும் புனோம் பென்னும் வீழ்ந்தபின் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகள் அந்தக் காலி வீடுகளில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் கணிசமானோர் அந்த நாடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருந்த சீன வம்சத்தவர். அதிலும் முக்கால்வாசி கடைக்காரர்கள் தியோச்சூக்காரர்கள் என்று இங்கே சொல்வார்கள். தியோச்சூ என்பது சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் கிழக்கே கடலோரப் பகுதி. நம் செட்டிநாட்டார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினார்களே, அதுபோல அவர்கள் சயாம், கம்போடியா, சைகோன், சிங்கப்பூர் என்று கப்பலேறியவர்கள். போன இடத்திலெல்லாம் தங்கள் அரிசி நூடுல்ஸைக் கொண்டு போயிருக்கிறார்கள்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம் சகோதரிகள் "குவே தியாவ்" என்று சொல்வார்களே, தட்டையான அரிசி நூடுல்ஸ், அந்த தியோச்சூச் சொல்தான் சைகோனில் திரிந்து "ஹூ தியூ" ஆயிற்று. இந்த ஹூ தியூவும், வியட்நாமியரின் "ஃபோ"வும், இரண்டும் ஒரே கடையில் கிடைப்பதுதான் இந்த 13-ஆம் வட்டாரத்துக் கடைகளின் விசேஷம்.

ஃபோ வடக்கு வியட்நாமில் பிறந்தது. மாட்டெலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்து எடுத்த சாறு. அதில் சுட்ட வெங்காயம், சுட்ட இஞ்சி, அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, தனியா போடுவார்கள். கிட்டத்தட்ட நம் பிரியாணி மணம்! 1954-ல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கானோர் தெற்கே வந்தார்கள். ஃபோவும் அவர்களோடு சைகோனுக்கு வந்து வேரூன்றியது. கூடவே ஒரு தட்டு நிறையப் பச்சிலை வைத்துக் கொடுப்பது தெற்கத்திப் பழக்கம்.

ஹூ தியூ வேறு ஜாதி. பன்றி எலும்போடு காய்ந்த கணவாய், காய்ந்த இறால், முள்ளங்கி போட்டுக் காய்ச்சும் தெளிந்த சாறு, லேசாகத் தித்திக்கும். "ஹூ தியூ நாம் வாங்" என்பது பெயர் போனது. நாம் வாங் என்றால் வியட்நாமியர் வாயில் புனோம் பென் நகரம். சீனத்து நூடுல்ஸ், கம்போடியாவில் பக்குவமாகி, சைகோனில் பேர் வாங்கி, பாரிஸுக்கு வந்திருக்கிறது. மேலே கொத்திய பன்றி இறைச்சி, இறால், ஈரல் துண்டு, சில கடைகளில் ஒரு காடை முட்டை. கடைசியாகப் பொன்னிறமாக வறுத்த பூண்டு ஒரு சிட்டிகை. அந்தப் பூண்டு வாசனைக்கே பாதிப் பசி கிளம்பிவிடும்.

கடைக்குள் போவோம். பகல் 12 மணிக்கு மேல் வாசலில் வரிசை நிற்கும். பயந்து திரும்பிவிடாதீர்கள், பத்து நிமிஷத்தில் உள்ளே போய்விடலாம். மேஜை உங்களுக்கு மட்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பக்கத்தில் முன்பின் தெரியாத யாராவது உறிஞ்சிக்கொண்டிருப்பார். மேஜைமேல் ஒரு டப்பாவில் குச்சிகளும் அகப்பை மாதிரியான கரண்டிகளும்; பக்கத்தில் நாலைந்து பாட்டில்கள். மேஜைவிரிப்பு, மெழுகுவத்தி, ஒன்றும் கிடையாது. எங்கள் கடையில் சின்னக் கிண்ணம் 10 யூரோ, பெரியது 12 யூரோவும் சில்லறையும். ரூபாயில் கணக்குப் போட்டால் ஆயிரத்தைத் தாண்டும்; போடாதீர்கள், மயக்கம் வரும்! இந்த ஊரில் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலுக்கு அது மலிவுதான். எட்டு வயதுக் குழந்தையும் அம்மாவும் ஒரு பெரிய கிண்ணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். "பெத்தி போல்" என்று கேட்டால் காலிக் கிண்ணம் ஒன்று கொடுப்பார்கள், முகம் சுளிக்கமாட்டார்கள்.

எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நானும் யோசித்திருக்கிறேன். கல்லாவில் அம்மா, அடுப்படியில் அப்பா, தட்டு எடுப்பது மருமகன். விறகு மாதிரி எலும்புகளை முதல் நாள் ராத்திரியே அடுப்பில் ஏற்றிவிடுகிறார்கள். நாலைந்து ஐட்டம்தான், அதையே நாள் முழுவதும் திருப்பித் திருப்பி. மெனுக் கார்டு பத்துப் பக்கம் இருக்கிற ஓட்டலைவிட நாலே வரி இருக்கிற கடையைத்தான் நான் நம்புவேன்.

இனி என் மாமியாரின் கதைக்கு வருகிறேன். சம்பந்தியம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு என்று எழுதியிருந்தாரே அந்தச் சகோதரி, அவருக்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

என் அத்தைக்கு வயது எண்பது. புதுச்சேரியில் மாமா காலமானதும் போன வருஷம் எங்களோடு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு கவளம், "போதும்மா" என்று தட்டை நகர்த்திவிடுவார். புளிக்குழம்பா, வேண்டாம். பருப்பா, நெஞ்சைக் கரிக்கிறது. கோழியா, மெல்ல முடியவில்லை. ஐந்து மாதத்தில் 51 கிலோவிலிருந்து 46 கிலோவுக்கு வந்துவிட்டார். டாக்டரம்மாள் ரத்தம், எக்ஸ்ரே எல்லாம் பார்த்துவிட்டு, "வியாதி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இந்த எடைக் குறைவுதான் இப்போது பெரிய வியாதி. எப்படியாவது சாப்பிட வையுங்கள்" என்று கையை விரித்தார். வயதானவர்களுக்கு ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் எடையில் 5 சதவிகிதத்துக்கு மேல் தானாகக் குறைந்தால் அசட்டையாக இருக்கக் கூடாது, சகோதரிகளே. "வயசாயிட்டா உடம்பு வத்தத்தானே செய்யும்" என்று நம் ஊரில் சொல்லிவிடுவார்கள். சதை வற்றினால் நடை தள்ளாடும், தள்ளாடினால் விழுவார்கள், விழுந்தால் இடுப்பெலும்பு. அங்கே போய்தான் நிற்கும்.

அத்தை பிறந்தது சைகோனில், 1945-ல். இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் பாதிப் பேருக்கு சைகோனில் ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ இருந்திருப்பார். பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் பட்டாளம், போலீஸ், சுங்க இலாகா என்று போனவர்கள் அநேகம். அத்தையின் அப்பா சுங்க இலாகாவில் சிப்பந்தி. அங்கே இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் அழைத்துப் போவாராம். 1956-ல், அத்தைக்குப் பதினொரு வயதில், குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குக் கப்பலேறிவிட்டது. எங்கள் புதுச்சேரி வீடுகளில் விருந்து என்றால் இன்றைக்கும் "நேம்" பொரிப்பது அங்கிருந்து வந்த பழக்கம்தான்.

ஒரு புதன்கிழமை, சின்னவனுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாள், அரிசி வாங்க 13-ஆம் வட்டாரத்துக்குப் போனபோது அத்தையையும் கூட்டிப் போனேன். குளிர் கொன்றது. சூடாக ஏதாவது குடிக்கட்டும் என்று கடைக்குள் நுழைந்தோம். கல்லாவில் இருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். அத்தையைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்து "பா, பா" என்று நாற்காலியில் உட்கார வைத்தார். வியட்நாமிய மொழியில் பா என்றால் பாட்டி. அத்தை நிமிர்ந்து பார்த்து என்னவோ இரண்டு வார்த்தை சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்யாணமாகி இருபது வருஷத்தில் அத்தை வாயில் அந்தப் பாஷையை நான் கேட்டதேயில்லை!

கிண்ணம் வந்தது. கூடவே பச்சிலைத் தட்டு. அத்தை கிண்ணத்தைத் தொடவில்லை. முதலில் இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். ஊதாத் தண்டு துளசி மாதிரி ஒன்று, ரம்பப் பல் ஓரத்தோடு நீளமாக ஒன்று, கொத்தமல்லி வாசனை தூக்கலாக அடிக்கும், புதினா, முளைகட்டிய பயறு, எலுமிச்சைத் துண்டு. எதைக் கிள்ளுவது, எதை ஒதுக்குவது என்று தானே முடிவு செய்து, தானே கிள்ளிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு இலை போட்டார். வீட்டில் எல்லாம் கலந்து, பிசைந்து, கையில் கொடுத்தால் வேண்டாம் என்கிறவர், இங்கே தன் சாப்பாட்டைத் தானே முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முக்கால் கிண்ணம் உள்ளே போயிற்று. நான் பேசவேயில்லை, பேசினால் கலைந்துவிடுமோ என்று பயம்.

"ராத்திரி தெருவுல ஒரு பையன் மூங்கில் கட்டையைத் தட்டிக்கிட்டே வருவான், டொக் டொக்குன்னு. எங்க அம்மா மாடியிலேருந்து விரலைக் காட்டுவாங்க, நாலுன்னு. வண்டி தெருமுனையில நிக்கும். அவன் ஓடிப்போய் நாலு கிண்ணம் கொண்டாந்து குடுத்துட்டு, அப்புறமா வந்து காலிக் கிண்ணத்தை எடுத்துட்டுப் போவான்" என்றார் அத்தை. சின்னவன் வாயைப் பிளந்தான்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. அத்தைக்கு ரத்தக் கொதிப்பு, மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டரம்மாள் எழுதிக் கொடுத்த காகிதத்தில் முதல் வரியே "உப்பைக் குறைக்கவும்". இந்த சூப்பிலோ உப்புக்குப் பஞ்சமில்லை. சாற்றில் உப்பு, அதன்மேல் "நுவொக் மாம்" என்கிற மீன் சாறு. நெத்திலி மாதிரிச் சிறு மீனை உப்பில் மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது அது. அதில் ஒரு மேஜைக்கரண்டி ஊற்றினாலே ஏறக்குறைய 3½ கிராம் உப்பு சேர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள்! சோயா சாஸ், மேஜைமேல் இருக்கும் கறுப்புத் தித்திப்பு சாஸ், மிளகாய் சாஸ், எல்லாவற்றிலும் உப்பு உண்டு. அஜினோமோட்டோவிலும் சோடியம் உண்டு, சாதாரண உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு.

சாப்பிட ஆரம்பித்த மனுஷியை உப்பைச் சொல்லி நிறுத்துவதா, சாப்பிடட்டும் என்று விட்டுவிட்டுக் கொதிப்பு ஏறினால் பார்த்துக்கொள்வதா? இவரைக் கேட்டேன், "அம்மா சாப்பிடறாங்கல்ல, விடு" என்றார். பிள்ளைகளுக்கு அம்மா சாப்பிட்டால் போதும். மாத்திரை டப்பாவை நிரப்புகிறவள் நான் அல்லவா?

டாக்டரம்மாளிடமே போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "முதலில் சாப்பிடட்டும். ஆனால் சாற்றை முழுவதும் குடிக்க வேண்டாம். வீட்டில் தினமும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வையுங்கள்" என்றார். இது அத்தைக்கு அவர் சொன்னது. இருதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் இதைப் பின்பற்றக் கூடாது.

மறுமுறை போனபோது கல்லா அம்மாளிடம் சங்கதியைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உலர்ந்தது சாப்பிடட்டுமே!" என்றார். அப்போதுதான் தெரிந்தது, ஹூ தியூவில் "கோ" என்று ஒரு வகை உண்டு. கோ என்றால் காய்ந்தது. நூடுல்ஸை வேகவைத்து வடித்து, பூண்டு எண்ணெயில் பிரட்டி, மேலே இறைச்சி, இறால், கீரையெல்லாம் அடுக்கி ஒரு கிண்ணம். சாறு தனியே ஒரு சிறு கிண்ணத்தில். தியோச்சூக் கடைகளில் இது சர்வ சாதாரணம். பிரட்டுகிற சாஸையும் தனியே கொடுக்கச் சொல்லிவிட்டால் உப்பு முழுக்க நம் கையில்! அத்தை சாற்றில் நாலைந்து கரண்டி எடுத்து நூடுல்ஸில் விட்டுக்கொள்வார், எலுமிச்சை தாராளமாகப் பிழிவார். உப்புக் குறைந்த இடத்தைப் புளிப்பும் இலை வாசனையும் நிரப்பிவிடும். மீதிச் சாற்றை நான் குடித்துவிடுவேன், வீணாக்க மனம் வராதே!

இப்போது ஒன்றுவிட்டு ஒரு புதன்கிழமை போகிறோம். அத்தை 48 கிலோ. இன்னும் பழைய எடைக்கு வரவில்லை. ரத்த அழுத்த நோட்டில் பெரிதாக ஏற்றமில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரியே புடவையை எடுத்து வைத்துவிடுகிறார் என்பதை டாக்டரம்மாளிடம் சொன்னேன், அதையும் குறித்துக்கொண்டார்.

கடைக்குப் போகிற சகோதரிகளுக்குச் சில விஷயங்கள் சொல்லியாக வேண்டும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கோழி ஃபோ கேட்கலாம். ஆனால் சில கடைகளில் மேலே போடுவதுதான் கோழி, சாறு மாட்டெலும்புச் சாறாகவே இருக்கும். கூச்சப்படாமல் "புய்யோன் து பெஃப்?" என்று கேட்டுவிடுங்கள். பெஃப் என்றால் மாடு, பூலே என்றால் கோழி, போர் என்றால் பன்றி. இந்த மூன்று வார்த்தை போதும். சைவக்காரர்கள் தோஃபு போட்டிருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. சாறு எலும்புச் சாறுதான். "சாய்" என்று எழுதியிருந்தால்தான் சைவம். வியட்நாமிய பௌத்தர்கள் பலர் மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஒரு நாளும் பௌர்ணமியன்று ஒரு நாளும் சைவம்தான் சாப்பிடுவார்கள். நம் வீட்டுக் கணக்கு மாதிரியே இருக்கிறது, பாருங்கள்!

கர்ப்பிணிகள் முளைப்பயறைப் பச்சையாகத் தின்ன வேண்டாம். வெந்நீரில் போட்டு எடுத்துத் தரச் சொன்னால் தருவார்கள். அதிலும் நன்றாக வெந்ததுதான் உத்தமம். பாதி வெந்த இறைச்சிச் சீவல் போட்ட ஃபோவும், ஈரலும் அவர்களுக்கு ஆகாது. "ஈரல் வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடலைப் பருப்பு, அதாவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தை இருந்தால் "சத்தே" என்று பெயர் போட்ட சூப்பின் பக்கமே போகாதீர்கள். அந்தக் குழம்பே வேர்க்கடலையை அரைத்துவிட்டதுதான்.

கைக்குழந்தைக்காரர்களே, கிண்ணத்தை மேஜை ஓரத்தில் வைக்கவிடாதீர்கள். மேலே எண்ணெய்ப் படலம் மூடியிருப்பதால் ஆவி அதிகம் தெரியாது, உள்ளே கொதிநீர். பிள்ளை மடியில் இருக்கும்போது சாப்பிடவே வேண்டாம், ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிடுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்தச் சாற்றைப் புகட்டக் கூடாது. அந்தச் சிறுநீரகத்துக்கு இவ்வளவு உப்பு தாங்காது. ஒன்றரை, இரண்டு வயதுப் பிள்ளைக்கு நூடுல்ஸை வெந்நீரில் அலசி, கரண்டி ஓரத்தால் சிறுசிறு துண்டாக நறுக்கி ஊட்டலாம். வழுக்கிக்கொண்டு போகும் மீன் உருண்டை, இறைச்சி உருண்டையை முழுசாகக் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். சர்க்கரை வியாதிக்காரர்கள் நூடுல்ஸைப் பாதியாக்கிக் கீரையையும் கோழியையும் கூடக் கேட்கலாம். அரிசி நூடுல்ஸும் அரிசிதானே!

உடம்பு சரியில்லாதவர்களுக்கு அதே கடையில் கஞ்சியும் உண்டு. தியோச்சூக்காரர் கஞ்சி நம் நொய்க்கஞ்சி மாதிரி குழைந்திருக்காது. சோறு பருக்கை பருக்கையாகத் தண்ணீரில் நிற்கும். ஆங்கிலேயர்கள் இந்த வகைக்கெல்லாம் "காஞ்சி" என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அது நம் தமிழிலிருந்து போன சொல்தான். கல்லா அம்மாளிடம் இதைச் சொன்னேன். "அப்படியா?" என்று சிரித்துவிட்டு, பில்லைக் கையில் கொடுத்தார்!

பாரிஸ் வர முடியாதவர்கள் ஏன் ஏமாற வேண்டும்? ஊரில் இருக்கும் என் நாத்தனாருக்கு எழுதி அனுப்பிய பக்குவத்தை உங்களுக்கும் தருகிறேன். கடை ருசி வராது. ஆனால் வாய்க்கசப்பு உள்ளவர்களுக்கு இறங்கும்.

கோழி எலும்பு ஒரு கிலோவை (கறிக்கடையில் கழுத்து, முதுகு என்று கேளுங்கள்) கொதிக்கும் நீரில் ஐந்து நிமிஷம் போட்டு, அந்த அழுக்கு நீரைக் கொட்டி, எலும்பைக் கழுவுங்கள். சாறு தெளிவாக வருவதன் ரகசியம் அதுதான். ஒரு பெரிய வெங்காயத்தையும் விரல் நீள இஞ்சியையும் தணலில் தோல் கருகச் சுட்டு, கருகலைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். முள்ளங்கி ஒன்று, அன்னாசிப்பூ இரண்டு, விரலளவு பட்டை, ஒரு கரண்டி தனியா. மீன் சாறுக்குப் பதில், கடலோர ஊர்க்காரர்கள் ஒரு பிடி காய்ந்த சென்னாக்கூனியை வறுத்துத் துணியில் முடிந்து போடலாம். மூன்று லிட்டர் தண்ணீர் விட்டு மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் வைக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கலங்கிவிடும். உப்பைக் கடைசியில், சாப்பிடுகிறவர் கிண்ணத்தில் மட்டும் போடுங்கள்.

அரிசி நூடுல்ஸ் கிடைக்காவிட்டால் கடையில் விற்கும் காய்ந்த அரிசி சேவை போதும். வடித்துக் கிண்ணத்தில் போட்டு, நல்லெண்ணெய் வேண்டாம், கடலை எண்ணெயில் வறுத்த பூண்டு ஒரு கரண்டி, வெந்த கோழிச் சதை, ஒரு பிடி கீரை. சாற்றைத் தனியே வையுங்கள். கொத்தமல்லி, புதினா, துளசியில் இரண்டு இலை, எலுமிச்சை, கீறிய பச்சை மிளகாய் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து நோயாளியின் கைக்கு எட்டும்படி நகர்த்திவிட்டு, நீங்கள் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து "இன்னொரு வாய்" என்று கேட்கவே கேட்காதீர்கள்.

மீந்த சாற்றை அடுப்பிலேயே ராத்திரி முழுக்க விட்டுவைக்கக் கூடாது. பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிஜ்ஜில் வையுங்கள். மறுநாள் மேலே வெண்ணெய் மாதிரி உறைந்திருக்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிட்டுச் சுடவைத்தால், இரண்டாம் நாள் சாறு முதல் நாளைவிட நன்றாக இருக்கும்.